வழி சொல்லும் நண்பர்கள்

கவிதை எழுதத் தொடங்கும் ஒருவருக்கு முதலில் வேண்டியது பதிப்பகமா, பரிசா என்று யாராவது கேட்டால், இரண்டும் இல்லை என்பேன். எழுதியதைப் பொறுமையாகப் படித்து, மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிற இரண்டு மூன்று நண்பர்கள் போதும். மற்றதெல்லாம் பிறகு வரும், வராமலும் போகலாம். ஆனால் அந்த இரண்டு மூன்று பேர் இல்லாமல் கவிதையில் நெடுந்தூரம் போனவர்களை நான் பார்த்ததில்லை.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம், பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்களுக்கு ஒரு சின்ன வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் யாரும் இன்னும் புத்தகம் போட்டதில்லை. ஒருவர் போளூரில் துணிக்கடையில் வேலை செய்கிறார். ஆலங்காயத்தில் செவிலியராக இருக்கும் அக்கா ஒருவர். ஓசூரில் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் தம்பி ஒருவர். மஸ்கட்டில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர். மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்து படித்து, இப்போது திருவண்ணாமலையில் கல்லூரிக்குப் போகும் என் பழைய மாணவி ஒருத்தி. எல்லோரும் கவிதை எழுதுகிறோம், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம்.

இப்படி ஆயிரக்கணக்கான சின்னக் குழுக்கள் தமிழில் இன்று இருக்கும். பெரும்பாலானவற்றில் நடப்பது ஒன்றுதான். ஒருவர் கவிதை போடுவார். அடுத்த நிமிடமே “அருமை”, “செம”, “வாழ்த்துகள் தோழர்” என்று வரிசையாக வரும். கைதட்டும் படம் வரும், பூங்கொத்து வரும். எழுதியவர் நன்றி சொல்வார். அந்தக் கவிதையை யாரும் இரண்டாவது முறை படித்திருக்க மாட்டார்கள். இதற்கு நேர் எதிரான குழுக்களும் உண்டு. அங்கே ஒருவர் எல்லாருடைய கவிதையையும் வெட்டிச் சாய்ப்பார். “இது கவிதையே இல்லை” என்பார். ஏன் இல்லை என்று சொல்ல மாட்டார். ஆறு மாதத்தில் அந்தக் குழுவில் அவர் மட்டும் இருப்பார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது எங்கள் மலையைப் பற்றிய ஒரு பழைய பாட்டிலேயே இருக்கிறது என்பது என் நம்பிக்கை. மலைபடுகடாம்.

பத்துப்பாட்டில் ஒன்று அது. 583 அடிகள். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன், செங்கண்மாவை ஆண்ட குறுநில மன்னன். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தின் வழியாக இறங்கிப் போகும் செய்யாறு. நவிரமலை என்று பாட்டு சொல்வது பருவதமலையை என்பார்கள். உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை 1889இல் அச்சிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தப் பாட்டு நம் எல்லார் கைக்கும் வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொல்லும்போது நான் சன்னல் பக்கம் கை காட்டுவேன். நூலில் இருக்கிற மலைநாடு வெளியே தெரியும்.

இந்தப் பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் உண்டு. ஆற்றுப்படை என்றால் என்ன என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனைப் பார்த்து, இன்ன வள்ளலிடம் இன்ன வழியாகப் போ என்று சொல்வது. தேர்வுக்கு எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் கவிதை எழுதுகிற ஆளாக அதை மறுபடி படித்தபோது எனக்கு வேறொன்று பிடிபட்டது. வழி சொல்கிறவனும் கூத்தன், வழி கேட்கிறவனும் கூத்தன். இருவரும் ஒரே தொழில், ஒரே வள்ளலை நம்பிப் பிழைக்க வேண்டியவர்கள். நியாயமாகப் பார்த்தால் போட்டியாளர்கள். அப்படி இருந்தும் ஒருவன் மற்றவனிடம் பரிசு எங்கே கிடைக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறான். பத்துப்பாட்டின் பத்து நூல்களில் ஐந்து ஆற்றுப்படைகள். சக கலைஞனுக்கு வழி சொல்வதை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்த்து வைத்த மொழி நம்முடையது. இதை நினைத்து நான் பெருமைப்படுகிறேன்.

அவன் எப்படி வழி சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள். “போய்ட்டு வா, நல்லா இருக்கும்” என்று முதுகில் தட்டி அனுப்பவில்லை. “உன்னால முடியாது, திரும்பிப் போ” என்றும் சொல்லவில்லை. எந்த இடத்தில் என்ன ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். தினைப்புனத்தைக் கெடுக்க வரும் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் நடக்காதே, விடிந்த பிறகு போ. குழிகளில் பாம்பு இருக்கும், இடத்தைக் குறித்துக்கொண்டு விலகிப் போ. புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், அது மரக்கிளைகளில் பட்டுத் தெறித்து வரும், மரத்தின் பின்னால் மறைந்து நில். பாசி படிந்த வழுக்கு நிலம் வரும், கொடியைப் பற்றிக்கொண்டு நட. இரவு வந்துவிட்டால் குகையில் உன் வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்து தங்கு. இத்தனையும் அவன் நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. தன் காலில் பட்டதை அடுத்தவன் காலுக்குச் சொல்கிறான்.

அதில் இரண்டு குறிப்புகள் என் மனதை விட்டுப் போகவே இல்லை. ஒன்று, வழி தவறிவிட்டால் என்ன செய்வது என்பது. மேற்கொண்டு நடப்பதை நிறுத்து, அகன்ற பாறை ஒன்றில் ஏறி உன் இசைக்கருவிகளை வாசி, சத்தம் கேட்டு மலையில் காவல் இருக்கிறவர்கள் வருவார்கள், பழம் கொடுப்பார்கள், வழியும் காட்டுவார்கள் என்கிறான். இரண்டாவது, பிரியும் பாதைகளில் செய்ய வேண்டியது. உனக்குப் பின்னால் வருகிறவர்கள் புதியவர்களாக இருப்பார்கள். அவர்கள் தவறான பாதையில் போய்விடாமல் இருக்க, வழிச் சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போ.

சங்க காலப் பாட்டில் இப்படி ஒரு வேண்டுகோள். உனக்கு வழி சொன்னவன் ஒருவன் இருந்தான். நீயும் அடுத்தவனுக்குப் புல் முடிந்து வை. நண்பர்கள் ஒருவர் கவிதையை ஒருவர் படிப்பதற்கு இதைவிடச் சரியான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

தத்துவமாகச் சொல்லிக்கொண்டே போனால் யாருக்கும் பயன் இல்லை. எங்கள் குழுவில் நடந்த ஒன்றைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். என் மாணவி அனுமதி கொடுத்திருக்கிறாள்.

அவள் அம்மா மலையில் சாமை பயிரிடுகிறவர். அறுவடைக்கு ஊருக்குப் போய் வந்தவள் ஒரு கவிதை அனுப்பினாள்.

மலையெங்கும் சாமை விளைய
கையில் அரிவாளோடு அம்மா.
வியர்வை முத்துகள் சிந்தும்
உழைப்பின் சிகரம் அவள்.
என் முதல் தெய்வம்.

கீழே வழக்கம்போல் இரண்டு “அருமை” வந்தது. ஆலங்காயத்து அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “பாப்பா, கதிர் அறுத்து முடிச்சதும் உங்க அம்மா முதல்ல என்ன செய்வாங்க?” அவ்வளவுதான். குறை எதுவும் சொல்லவில்லை.

அன்று இரவு அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. “அக்கா, அம்மா அரிவாள இடுப்புல சொருகிக்குவாங்க. சேலையெல்லாம் சாமை ஒட்டியிருக்கும். அத காட்டுலயே உதற மாட்டாங்க. அப்படியே நடந்து வந்து நம்ம வாசல்லதான் உதறுவாங்க. கோழிங்க காத்துக்கிட்டு இருக்கும்.” அதைக் கேட்டதும் மஸ்கட் அண்ணன், “அம்மா, நீ இப்ப பேசுனதுதான் கவிதை. அதையே எழுது” என்றார்.

மறுநாள் இது வந்தது:

அறுப்பு முடிந்து வருகிறவள்
சேலையில் ஒட்டிய சாமையைக்
காட்டில் உதறுவதில்லை.
வாசலில் நின்று உதறுகிறாள்.
ஓடி வருகின்றன கோழிகள்.

முதல் கவிதையில் முத்து, சிகரம், தெய்வம் என்று மூன்று சொற்கள் இருந்தன. அவை எந்த அம்மாவுக்கும் பொருந்தும், எந்த மகளும் எழுதலாம். இரண்டாவதில் இருப்பது அவள் அம்மா. ஒரு மணி தானியத்தையும் வீணாக்காத கை, வீட்டில் காத்திருக்கும் உயிர்களின் நினைவு, உடம்பு அலுத்த நிலையிலும் அந்த நடை, எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. “உழைப்பு” என்ற சொல்லே இல்லாமல் உழைப்பு தெரிகிறது.

கதை அதோடு முடியவில்லை. ஓசூர் தம்பி, கடைசியில் பசியைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் இன்னும் ஆழமாக இருக்கும் என்றான். அவள் யோசித்துவிட்டு, “வேண்டாம் அண்ணா, அம்மா பசின்னு நெனச்சு அத செய்யல, வழக்கமா செய்யறாங்க” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி. அப்படியே சரியில்லை என்றாலும், மறுக்கும் உரிமை அவளுடையது. வழி சொன்னவனைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும் என்று மலைபடுகடாத்துக் கூத்தனும் கட்டளை போடவில்லை. நடக்கப் போகிறவன் கால்தான் கடைசியில் முடிவு செய்யும்.

இந்த நிகழ்விலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தீர்ப்பைவிடக் கேள்வி பலன் தரும். “இந்த வரி சரியில்லை” என்று சொன்னால் எழுதியவர் அந்த வரிக்கு வக்காலத்து வாங்க ஆரம்பிப்பார். “இந்த இடத்தில் நீ என்ன பார்த்தாய்?” என்று கேட்டால் அவர் மறுபடி அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பார். முதல் எழுத்தில் விட்டுப்போனது அங்கேதான் கிடக்கும்.

அதற்காகக் குறையைக் குறை என்று சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்குப் பொதுவான சொற்கள் வேண்டும். இங்கேயும் நாம் வெறுங்கையோடு இல்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் அது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பட்டியலைக் கவிதை படிப்பவராக எடுத்துப் பாருங்கள். கூறியது கூறல். நான்கு வரியில் சொன்னதை ஐந்தாவது வரியில் விளக்குவது, இன்று அலைபேசியில் வரும் கவிதைகளில் பாதிக்கு இதுதான் நோய். மிகைபடக் கூறல். அம்மாவைச் சிகரமாக்கியது அதுதான். மற்றொன்று விரித்தல். மழையைப் பற்றித் தொடங்கி நடுவில் அரசியலுக்குப் போய்விடுவது. சென்று தேய்ந்து இறுதல். முதல் இரண்டு வரியில் நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் கரைந்து போவது. மயங்க வைத்தல். படிப்பவருக்குப் புரியாததையே ஆழம் என்று நினைத்துக்கொள்வது.

எங்கள் குழுவில் இந்தப் பெயர்களை நாங்கள் சகஜமாகப் பயன்படுத்துகிறோம். “அண்ணா, கடைசி வரி தேய்ஞ்சு போச்சு” என்றால் அவருக்குப் புரிந்துவிடும், வருத்தமும் வராது. குற்றத்துக்குப் பெயர் இருந்தால் அது கவிதையில் இருக்கும் ஒன்றாகத் தெரியும். பெயர் இல்லாவிட்டால் எழுதியவர் மேல் வந்து விழும். பவணந்தி குற்றங்களோடு பத்து அழகுகளையும் பட்டியல் போட்டிருக்கிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சுருக்கமாகச் சொல்லியும் விளங்க வைப்பது, ஓசை இனிமை, ஆழமுடைமை எல்லாம் அதில் உண்டு. எது நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் குறிப்பான சொற்கள் வேண்டும். “அருமை” என்பது பாராட்டு மாதிரி தெரியும், ஆனால் எது அருமை என்று தெரியாமல் எழுதியவர் அதை வைத்து என்ன செய்ய முடியும்? “ஓடி வருகின்றன கோழிகள் என்று வினையை முன்னால் வைத்தது நன்றாக இருக்கிறது, கோழியைப் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டம் தெரிகிறது” என்று சொன்னால், அடுத்த கவிதையிலும் அவளுக்கு அது உதவும்.

நன்னூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒருவர் நூலுக்குப் பாயிரம் யார் எழுதலாம்? தன் ஆசிரியர், தன்னோடு படித்தவர், தன் மாணாக்கர், உரைகாரர். தன் புகழைத் தானே பாடிக்கொள்வது தகுதியாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இதில் தன்னோடு படித்தவருக்கும் இடம் கொடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பது மரபு. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இலக்கண நூலே ஒரு வகுப்புத் தோழரின் கைப்பிடித்து நம் முன்னால் வந்து நிற்கிறது.

நட்பு அதிகாரத்தில் வள்ளுவர், சிரித்துப் பொழுது போக்குவது நட்பின் வேலை இல்லை, எல்லை மீறும்போது முந்திப் போய் இடித்துச் சொல்வதே வேலை என்கிறார். இடித்துச் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு பலர் கடுமையை நேர்மை என்று நினைத்துவிடுகிறார்கள். அதே வள்ளுவர் இன்சொல்லுக்குத் தனி அதிகாரம் வைத்தவர். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாராட்டும் வழி சொல்லுதலில் சேர்ந்ததுதான். புதுச்சேரியில் இளைஞர் கனக சுப்புரத்தினத்தைப் பாடல் எழுதச் சொல்லி, எழுதியதைத் தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பிட்டுச் சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார் பாரதி. அந்த இளைஞர்தான் பின்னாளில் பாரதிதாசன். சரியான நேரத்தில் ஒருவர் “நீ எங்களில் ஒருவன்” என்று சொல்வது எத்தனை பெரிய வேலை செய்கிறது பாருங்கள். குறை சொல்ல எத்தனை கவனம் வேண்டுமோ அத்தனை கவனம் பாராட்டவும் வேண்டும். பாரதி எல்லோருடைய பாடலையும் அப்படி அனுப்பி வைக்கவில்லை. அதனால்தான் அதற்கு மதிப்பு.

“நேரில் பார்க்காத நண்பர்கள் எப்படி நண்பர்கள்?” என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் குழுவில் மஸ்கட் அண்ணனை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவர் குரல் மட்டும் தெரியும். ஆனால் தமிழில் இந்தக் கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நண்பர்கள். இருவரும் கவிஞர்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சோழன் அரசன் மட்டும் இல்லை, அவன் பாடிய பாடல்கள் குறுந்தொகையிலும் புறநானூற்றிலும் இருக்கின்றன. அவன் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். அவரும் வந்தார். சொல்லை மட்டும் நம்பி வளர்ந்த நட்புக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

நவீன காலத்திலும் அப்படித்தான். சி.சு.செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். புதுக்கவிதை தமிழில் வேர் பிடித்தது அந்த இதழில்தான். அங்கே கவிதை வந்தது, கவிதையைப் பற்றிய விவாதமும் வந்தது. 1939இல் இலங்கையின் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு, அதாவது பிரமிள், இருபதுகளின் தொடக்கத்திலேயே கடல் தாண்டித் தபாலில் ‘எழுத்து’க்குக் கவிதையும் விமரிசனமும் அனுப்பிக்கொண்டிருந்தார். தன்னைவிட வயதில் மிக மூத்த ந.பிச்சமூர்த்தியின் கவிதைகளைப் பற்றி எழுதினார். செல்லப்பா வயதைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தார். 1962இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ அந்த உரையாடலின் விளைச்சல். அன்று ஒரு கடிதம் போய்ப் பதில் வர எத்தனை நாள் ஆகியிருக்கும்! அந்த இடைவெளியில் கவிதை மனதில் ஊறியிருக்கும். எங்கள் மலையில் சில ஊர்களில் அலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது பெரும்பாடு. காலையில் அனுப்பிய கவிதைக்கு ராத்திரிதான் பதில் வரும். அதை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை. உடனே பதில் போட முடியாதபோது மறுபடி ஒருமுறை படிக்கிறோம்.

நேரில் உட்கார்ந்து பேசிய மரபும் தமிழில் வலுவானது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ கூட்டங்கள், கலாப்ரியா முன்னின்று நடத்திய குற்றாலம் கவிதைப் பட்டறை, எங்களுக்குப் பக்கத்தில் திருவண்ணாமலையில் பவா செல்லதுரையும் நண்பர்களும் நடத்திய ‘முற்றம்’ என்று பல உண்டு. இந்த மலையடிவாரத்திலேயே, சிங்காரப்பேட்டை பக்கம் புளியானூரில், குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் மரத்தடியில் ஒன்றாக உட்காரும் இடம். கவிஞர்கள் தனியாக முளைப்பதில்லை என்பதற்கு இவையெல்லாம் சாட்சி.

கவிதைக்கு வெளியே ஒரு கதையும் எங்கள் மலையோடு சேர்ந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய ஆய்வகம். அங்கே 1988இல் ஆர்.ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு வைத்த பெயர் ராமானுஜன். கணிதமேதை ராமானுஜன் 1913இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, தான் கண்டறிந்த சூத்திரங்களைக் கடிதமாக எழுதிக் கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பினார். அதற்கு முன்னால் வேறு இருவருக்கு அனுப்பியும் பயன் இல்லை. ஹார்டி அந்தத் தாள்களைத் தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார். பதில் எழுதினார். அதில் வியப்பும் இருந்தது, நிரூபணங்களை அனுப்புங்கள் என்ற கோரிக்கையும் இருந்தது. நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். வியந்ததோடு நிறுத்தியிருந்தால் அது வாழ்த்துக் கடிதம். நிரூபணம் மட்டும் கேட்டிருந்தால் அது அலுவலகக் கடிதம். இரண்டும் சேர்ந்ததால் ராமானுஜனுக்கு வழி பிறந்தது. பள்ளிப் பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துப் போகும்போது இந்தக் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

இனி, கவிதையை அனுப்புகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். அனுப்பும்போது விளக்கம் சேர்த்து அனுப்பாதீர்கள். “இது என் பாட்டி இறந்தபோது எழுதியது” என்று முன்னால் சொல்லிவிட்டால் படிக்கிறவர் பாட்டியைப் பற்றி என்ன குறை சொல்ல முடியும்? கவிதை தன் காலில் நிற்கிறதா என்று அப்போது யாருக்கும் தெரியாது. கருத்து வந்ததும் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். ஒரே இடத்தை மூன்று பேர் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சொன்ன மருந்து தவறாக இருந்தாலும்கூட. துக்கத்தில் எழுதிய கவிதைக்குத் துணைதான் வேண்டும், திருத்தம் வேண்டாம் என்றால் அதைச் சொல்லியே அனுப்பலாம். எங்கள் குழுவில் “சும்மா படிங்க” என்று தலைப்பில் போட்டால் யாரும் குறை சொல்வதில்லை. அதுவும் நட்புதான்.

எழுத்து வராமல் தவிக்கிற காலம் எல்லோருக்கும் வரும். அப்போது பெரும்பாலோர் குழுவைவிட்டு விலகி ஒதுங்கிவிடுகிறார்கள். நன்றாக எழுதிய பிறகு திரும்பி வரலாம் என்று நினைக்கிறார்கள். மலைபடுகடாத்துக் கூத்தன் சொன்னது இதற்கு நேர் மாறானது. வழி தவறினால் ஓசையில்லாமல் அலையாதே, பாறையில் ஏறி வாசி என்றான். அரைகுறையாக இருந்தாலும் அனுப்புங்கள். கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

படிக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் நண்பர் ஒருவர் அண்மையில் அனுப்பிய கவிதை, நீங்கள் கட்டைவிரலை மட்டும் போட்டுக் கடந்தது, இன்னும் உங்கள் அலைபேசியில் இருக்கும். அதை எடுத்து இரண்டு முறை படியுங்கள். எந்த வரி உங்களோடு தங்கியது, ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். எந்த இடத்தில் உங்கள் கால் வழுக்கியது என்று இன்னொரு வாக்கியம். கடைசியாக, அந்தக் கவிதையைப் பற்றி உங்களுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். மூன்று வாக்கியம்தான், பத்து நிமிடம் ஆகும். நன்னன் இருந்தான், போய்விட்டான். அவன் கொடுத்த பொன்னும் போய்விட்டது. சக கூத்தனுக்கு வழி சொன்ன சொல் மட்டும் 583 அடிகளில் நம் கையில் இருக்கிறது. நம் நண்பர்களுக்கு நாம் கொடுக்க முடிந்ததும் அதுதான், தாராளமாகக் கொடுப்போம்.